எடுக்கப்படாமல் போன சூப்பர்மேன்: ஜான் ஷ்னெப்பின் டாக்குமெண்டரி எப்படி இருக்கிறது?

சூப்பர்ஹீரோ படங்களைப் பற்றி வரும் டாக்குமெண்டரிகள் பெரும்பாலும் விளம்பரமாகத்தான் இருக்கும். நடிகர் இயக்குநரைப் புகழ்வார், இயக்குநர் நடிகரைப் புகழ்வார், நடுவில் பச்சைத் திரைக்கு முன்னால் யாராவது கயிற்றில் தொங்குவார்கள், முடிந்தது. ஜான் ஷ்னெப் எடுத்து 2015-ல் வெளியான ‘தி டெத் ஆஃப் சூப்பர்மேன் லிவ்ஸ்: வாட் ஹாப்பன்ட்?’ அந்த ரகத்தில் சேராது, ஏனென்றால் இங்கே விற்பதற்குப் படமே கிடையாது. டிம் பர்ட்டன் இயக்கத்தில் நிக்கோலஸ் கேஜ் சூப்பர்மேனாக நடிப்பதாக இருந்து, 1998-ல் தியேட்டருக்கு வந்திருக்க வேண்டிய ‘சூப்பர்மேன் லிவ்ஸ்’, படப்பிடிப்பு தொடங்கும் முன்பே நின்றுபோனது. அதற்குள் கதை எழுதியாகிவிட்டது, திரும்பத் திரும்ப மாற்றி எழுதியாகிவிட்டது, நூற்றுக்கணக்கில் ஓவியங்கள் வரைந்தாகிவிட்டது, உடை தைத்து ஹீரோவுக்குப் போட்டும் பார்த்தாகிவிட்டது. இந்த வேலையெல்லாம் என்ன ஆயிற்று, யார் செய்தார்கள், ஏன் நின்றது என்று ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்டிருக்கிறார் ஷ்னெப்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காமிக்ஸ் பிடிக்குமோ பிடிக்காதோ, ஒரு பெரிய படம் உருவாகும் விதத்தில் ஆர்வமுள்ள எவரும் பார்க்க வேண்டிய படம் இது. ஓவியர்கள், உடை வடிவமைப்பாளர்கள், சிறப்பு ஒப்பனைக்காரர்கள் பேசும் பகுதிகள் அற்புதம். ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு பெரிய கேள்வியைப் படம் கேட்காமலே விட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கொஞ்சம் பின்னணி. கிறிஸ்டோபர் ரீவ் நடித்த நான்காவது சூப்பர்மேன் படம் 1987-ல் வந்தது. பட்ஜெட்டை வெட்டு வெட்டென்று வெட்டி எடுத்த படம், ஓடவில்லை. அதோடு திரையில் சூப்பர்மேன் கதை முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். அப்புறம் 1992 நவம்பரில் டிசி காமிக்ஸ் சூப்பர்மேனைக் கொன்றது. டூம்ஸ்டே என்ற அசுரனோடு மோதி, தான் வாழும் மெட்ரோபொலிஸ் நகரத்தின் தெருவில், காதலி லோயிஸ் லேனின் மடியில் செத்துப்போகிறார். அந்த இதழ் லட்சக்கணக்கில் விற்றது, காமிக்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட கடை வாசலில் வரிசையில் நின்றார்கள், செய்திகளில் எல்லாம் அதே பேச்சு. அடுத்த ஆண்டு கறுப்பு உடையும் நீண்ட முடியுமாகத் திரும்பி வந்தார் என்பது வேறு விஷயம். வார்னர் பிரதர்ஸ் கணக்கு எளிமையானது: செத்தால் இவ்வளவு விற்கிறது என்றால் சாவையே படமாக எடுப்போம். உரிமையை மீண்டும் வாங்கி, 1989-ன் ‘பேட்மேன்’ படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜான் பீட்டர்ஸிடம் ஒப்படைத்தார்கள்.

அங்கிருந்துதான் கைவிடப்பட்ட கதைகளின் ஊர்வலம் ஆரம்பிக்கிறது. முதலில் ஜோனதன் லெம்கின் எழுதியது ‘சூப்பர்மேன் ரீபார்ன்’. அதில் சூப்பர்மேன் சாகும்போது அவருடைய உயிர்ச்சக்தி லோயிஸுக்குள் போய்விடுகிறது, அவளுக்கு ஒரு குழந்தை பிறக்கிறது, அந்தக் குழந்தை மூன்றே வாரத்தில் 21 வயது இளைஞனாக வளர்ந்து உலகைக் காப்பாற்றுகிறது. அது வேண்டாம் என்றானதும் கிரிகரி பாய்ரியர் வந்தார். அவர் கதையில் பிரெய்னியாக் என்ற வேற்றுக் கிரக வில்லன்தான் டூம்ஸ்டேயை உருவாக்குகிறான், அதன் ரத்தத்தில் சூப்பர்மேனின் பலத்தைப் பறிக்கும் கிரிப்டோனைட் ஓடுகிறது, தான் வேற்றுக் கிரகத்தவன் என்ற வேதனையில் சூப்பர்மேன் மனநல மருத்துவரிடம் போகிறார். எனக்கு அந்த மருத்துவர் விஷயம் பிடித்திருக்கிறது. மூன்று வாரத்தில் வளரும் பிள்ளையைவிட, ‘நான் எங்கேயும் சேராதவன்’ என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமாவது சொல்லும் சூப்பர்மேனைப் பார்க்க நான் காசு கொடுப்பேன்.

1996-ல் பாய்ரியரின் பிரதியைப் படித்துவிட்டு அது தேறாது என்று ஸ்டுடியோவில் முகத்துக்கு நேரே சொன்னவர் இயக்குநர் கெவின் ஸ்மித். சரி, நீயே எழுது என்றார்கள். ஸ்மித் பிறவிக் காமிக்ஸ் ரசிகர், எந்த இதழில் எது நடந்தது என்று விரல்நுனியில் வைத்திருப்பவர். அவரிடம் பீட்டர்ஸ் போட்ட நிபந்தனைகள் இன்றைக்குப் பிரபலமாகிவிட்டன: சூப்பர்மேன் அந்தப் பழைய நீலச் சிவப்பு உடையில் வரக் கூடாது, பறக்கக் கூடாது, கடைசிப் பகுதியில் ஒரு ராட்சதச் சிலந்தியோடு சண்டை போட வேண்டும். பனிப்பிரதேசத்தில் இருக்கும் சூப்பர்மேனின் தனிமைக் கோட்டைக்குக் காவலாகத் துருவக் கரடிகள் இருக்க வேண்டும், அவற்றோடு பிரெய்னியாக் மோத வேண்டும் என்றும் கேட்டாராம். வில்லனுக்கு ஒரு விண்வெளி நாய் வேண்டும், பொம்மையாக விற்கலாம் என்பது இன்னொன்று. ஸ்மித் இதையெல்லாம் மேடைகளில் சொல்லிச் சொல்லிப் பழகியவர், 2002-ல் வீடியோவாகவும் வந்தது. டாக்குமெண்டரியில் புதிதாகக் கிடைப்பது பீட்டர்ஸ். அவரைக் கேமரா முன்னால் உட்கார வைத்தது ஷ்னெப்பின் பெரிய வெற்றி. இத்தனை வருடம் ஒரு பக்கத்தை மட்டுமே கேட்டுவந்த கதைக்கு இப்போதுதான் மறுபக்கம் கிடைக்கிறது.

பீட்டர்ஸ் பேசும் இடங்களை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சிகையலங்காரக் கலைஞராக இருந்து ஹாலிவுட் தயாரிப்பாளராக உயர்ந்தவர், தெருச் சண்டைகளில் வளர்ந்தவன் நான் என்று பெருமையோடு சொல்கிறார். அவர் விரும்பிய சூப்பர்மேன் கையால் அடித்துச் சண்டை போடுபவன், வானத்திலிருந்து இறங்கிவந்து புன்னகைப்பவன் இல்லை. அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று அவர் பேசுவதைக் கேட்டால் புரிந்துவிடுகிறது. வரைபவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குச் சின்னப் பிள்ளைகளை அழைத்துவந்து, ஓவியங்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்பாராம். மண்டை ஓட்டுப் படம் போட்ட ஒரு பத்திரிகை அட்டையைக் கொண்டுவந்து, பிரெய்னியாக்கின் விண்கலம் இப்படி இருக்கட்டும் என்றாராம். பல வருடம் பயின்ற ஓவியர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. அதே சமயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: விலகிப்போன எழுத்தாளர்கள் நடுவில் இந்தப் படம் நடந்தே தீர வேண்டும் என்று கடைசிவரை பிடிவாதமாக நின்றவர்களில் அவரும் ஒருவர். ஷ்னெப் அவரை வில்லனாக்கவில்லை, பேச விட்டுவிட்டு நம்மிடம் விட்டுவிடுகிறார். அது நியாயமான அணுகுமுறை.

பர்ட்டன் உள்ளே வந்ததும் ஸ்மித்தின் கதை வெளியே போனது. வெஸ்லி ஸ்ட்ரிக்கை அழைத்து எழுதச் சொன்னார். ஸ்மித் எழுதியதைப் படித்த ஸ்ட்ரிக்குக்கு ஒரே குழப்பம். சூரியனை மறைக்க விண்ணில் ஒரு தகட்டை அனுப்பி சூப்பர்மேனின் பலத்தைப் பறிப்பதுதான் பிரெய்னியாக்கின் திட்டம், இதே மாதிரி ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் அந்த முதலாளி மிஸ்டர் பர்ன்ஸ் செய்துவிட்டாரே என்று தோன்றியதாம். ஸ்ட்ரிக் எழுதியதில் பிரெய்னியாக்கும் சூப்பர்மேனின் பரம எதிரி லெக்ஸ் லூதரும் ஒரே உடலாகிவிடுகிறார்கள். செத்த சூப்பர்மேனை எழுப்புவது ‘கே’ என்று பெயரிட்ட ஒரு சக்தி, சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கிரகத்தின் ஆன்மா என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு செலவைக் குறைத்து எழுத டான் கில்ராய் வந்தார், 19 கோடி டாலர் வரை போன கதையை 10 கோடிக்குள் அடக்கப் பார்த்தார். இந்தப் பகுதியைப் படம் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுகிறது. எந்தப் பிரதியில் எது இருந்தது, எது அடுத்ததற்கு வந்தது என்று குறிப்பெடுத்துக்கொண்டு பார்த்தால்தான் பிடிபடும். திரையில் ஒரு சின்ன அட்டவணை போட்டிருந்தால்கூடப் போதும், போடவில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரிக் ஹைன்ரிக்ஸ் தலைமையில் கலை இயக்கக் குழு, கொலீன் ஆட்வுட் உடைகளுக்கு, ஸ்டீவ் ஜான்சன் அந்தச் சிறப்பு உடைக்கு. இவர்களில் ஹைன்ரிக்ஸும் ஆட்வுட்டும் பின்னால் ஆஸ்கர் வாங்கியவர்கள், ஆட்வுட் நான்கு முறை. வரவேயில்லாத ஒரு படத்துக்கு இவர்கள் போட்ட உழைப்பை இருபது வருடம் கழித்தும் எவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஓவியர்கள் பழைய தாள்களை எடுத்துக் காட்டுகிறார்கள். பிரெய்னியாக்கின் தலை ஒவ்வொரு ஓவியத்திலும் வேறு வேறு. காமிக்ஸில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது என்று பர்ட்டன் சிலரிடம் சொல்லியிருக்கிறார், அது அவர்களைக் கட்டவிழ்த்துவிட்டிருக்கிறது. உலோகமும் எலும்பும் கலந்த விண்கலங்கள், கூண்டுகளில் அடைத்துவைத்த வேற்றுக் கிரக உயிர்கள் என்று தாள் தாளாக விரிகிறது. சில அசிங்கமாகத்தான் இருக்கின்றன, சில இன்றைக்கு எந்தப் பெரிய படத்திலும் பார்க்க முடியாத அளவு புதியவை.

அந்த உடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் வெகுநாளாகச் சுற்றிவந்த ஒரு புகைப்படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: நீண்ட முடியோடு, பளபளக்கும் நீல உடையில், கண் பாதி மூடியபடி கேஜ். கண் சிமிட்டும் நொடியில் எடுத்த ஒரு படம், அவ்வளவுதான். அதை வைத்தே இந்தப் படம் கேவலமாக இருந்திருக்கும் என்று உலகமே தீர்ப்பு எழுதிவிட்டது. டாக்குமெண்டரியில் அதே உடையை அசையும்போது பார்க்கிறோம். 1997-ல் உடை அளவு பார்த்தபோது எடுத்த வீடியோ. கேஜ் கையைத் தூக்கிப் பார்க்கிறார், திரும்புகிறார், பர்ட்டன் பக்கத்தில் நின்று யோசிக்கிறார், இருவரும் கிளார்க் கென்ட், அதாவது சாதாரண மனிதனாக வாழும்போதைய சூப்பர்மேன், எப்படி நடப்பான், எப்படி உடுத்துவான் என்று பேசிக்கொள்கிறார்கள். கூச்சமோ கிண்டலோ இல்லை. ஒரு நடிகர் ஒரு பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார், தேடும்போது பாதி கிடைத்தும்விடுகிறது. நிமிர்ந்து நிற்கும்போது ஓர் ஆள், தோளைக் குறுக்கும்போது வேறோர் ஆள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்தச் சில நிமிடங்களைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

இன்னோர் உடை இருந்தது, ஸ்டீவ் ஜான்சனின் பட்டறையில் உருவானது. செத்துப் பிழைக்கும் சூப்பர்மேனைக் குணப்படுத்தும் உடை அது. கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் தசைகள், உள்ளே விளக்குகள், உடம்புக்குள் உயிர் மெல்ல மெல்ல ஓடுவது வெளியே தெரிய வேண்டும். கணினி வரைகலை இன்னும் விலை அதிகமாக இருந்த காலத்தில் இதைக் கையாலேயே செய்திருக்கிறார்கள். அச்சு வார்த்து, ஒளியைப் பொருத்தி, ஆள் உள்ளே நுழைந்து அசையும்படியும் செய்ய வேண்டும். உடை வண்ணம் மாறி மின்னும் சோதனைக் காட்சியைப் படத்தில் காட்டுகிறார்கள். நான் அந்த இடத்தில் மூன்று நான்கு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். கதை எப்படியிருந்தாலும் இந்த ஒரு காட்சி திரையில் வந்திருந்தால் சினிமாவில் பேசப்பட்டிருக்கும் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

ஏன் நின்றது? ஒற்றைக் குற்றவாளி கிடையாது என்பதைப் படம் நன்றாக எடுத்துச் சொல்கிறது. மெட்ரோபொலிஸாகக் காட்ட பிட்ஸ்பர்க் நகரம் தேர்வாகியிருந்தது. கேஜுக்குப் படம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் 2 கோடி டாலர், பர்ட்டனுக்கு 50 லட்சம் என்று ஒப்பந்தம். அதே நேரம் 1997-ல் ‘பேட்மேன் அண்ட் ராபின்’ அடிவாங்கியது, வார்னரின் வேறு பெரிய படங்களும் வரிசையாகச் சறுக்கின. கையிலிருப்பதோ முடிவாகாத கதை, ஏறிக்கொண்டே போகும் பட்ஜெட், கோடை வெளியீட்டுத் தேதி நெருங்குகிறது. 1998-ல் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் 3 கோடி டாலர் வரை செலவாகியிருந்தது என்பார்கள். ஸ்டுடியோ பக்கத்திலிருந்து லொரென்ஸோ டி பொனவென்ச்சுரா வந்து பேசுகிறார், மழுப்பாமல் பேசுகிறார். ஒரு வருடம் வீணாய்ப் போயிற்றே என்ற வருத்தம் பர்ட்டனிடம் இன்னும் போகவில்லை. பேசும்போது கையை அப்படி வீசி வீசிப் பேசுபவர், இந்தப் பகுதியில் தேடித் தேடிப் பேசுகிறார். அங்கிருந்து போய் அவர் எடுத்தது ‘ஸ்லீப்பி ஹாலோ’. பீட்டர்ஸின் சிலந்தி 1999-ல் ‘வைல்ட் வைல்ட் வெஸ்ட்’ படத்தில் இரும்பு உடம்போடு வந்து சேர்ந்தது, அதையும் தயாரித்தவர் அவர்தான்.

இப்போது அந்தக் கேட்கப்படாத கேள்வி. வடிவமைப்பு அற்புதம், கேஜ் தயார், பர்ட்டன் தயார், எல்லாம் சரி. கதை நன்றாக இருந்ததா? படத்தில் பேசும் ரசிகர்கள் பலரும் ஐயோ வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஏங்குவதோடு நின்றுவிடுகிறார்கள். ஷ்னெப்பும் ரசிகர்தான், அந்த ஏக்கத்திலிருந்து அவரால் வெளியே வர முடியவில்லை. லெம்கின், பாய்ரியர், ஸ்மித், ஸ்ட்ரிக், கில்ராய் என ஐந்து பேர் எழுதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோரும் சாவிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். காமிக்ஸில் அந்தச் சாவு வலித்ததற்குக் காரணம், படிப்பவர்கள் அந்த ஆளோடு வருடக்கணக்கில் வாழ்ந்திருந்தார்கள். அவன் லோயிஸிடம் தன் ரகசியத்தைச் சொன்னதும், அவளை மணக்கக் கேட்டதும், அலுவலகத்தில் அவன் படும் பாடும் எல்லாமே அவர்களுக்குத் தெரியும். புதிதாக ஆரம்பிக்கும் ஒரு படத்தில் புதிய நடிகர், புதிய லோயிஸ், புதிய நகரம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் அவனைப் பழக்கி, நேசிக்க வைத்து, கொன்று, அழவும் வைக்க வேண்டும் என்றால் யாராலும் முடியாது. அதனால்தான் ஒவ்வொருவரும் வேறு எதையாவது கொண்டுவந்து அந்த இடைவெளியை நிரப்பப் பார்க்கிறார்கள்: அதிசயக் குழந்தை, விண்வெளி நாய், கிரிப்டானின் ஆன்மா, இரு தலை வில்லன். சிலந்தியை மட்டும் எல்லோரும் கேலி செய்கிறார்கள், ஆனால் சிலந்தியை எடுத்துவிட்டாலும் அந்தக் கதைகள் நின்றிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

இதற்குப் பதில் படத்துக்குள்ளேயே இருக்கிறது, அதுதான் என் ஆதங்கம். அந்த உடை வீடியோவில் கேஜும் பர்ட்டனும் பேசுவது சாவைப் பற்றி அல்ல. பூமியில் யாரையும் போல இல்லாத ஒருவன், யாரையும் போல இருக்க முயன்றால் எப்படி இருப்பான் என்று பேசுகிறார்கள். அதுதான் கதை. அதை எழுத ஒருவரையும் விடவில்லை, ஏனென்றால் ஸ்டுடியோ வாங்கிவைத்திருந்தது சாவு என்ற விஷயத்தை. டி பொனவென்ச்சுரா எதிரே உட்கார்ந்திருக்கும்போது, ‘ஏன் சார் முதல் படத்திலேயே கொல்ல வேண்டும்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஷ்னெப் கேட்கவில்லை.

வேறு சில குறைகளும் உண்டு. எடுக்கப்படாத காட்சிகளைத் தானே குறைந்த செலவில் நடிகர்களை வைத்தும் அனிமேஷனிலும் செய்து காட்டுகிறார். அனிமேஷன் துண்டுகள் நன்றாக இருக்கின்றன, அவர் அந்தத் துறையிலிருந்து வந்தவர், ‘மெட்டலோகாலிப்ஸ்’ என்ற கார்ட்டூன் தொடரை இயக்கியவர். நடிகர்களை வைத்து எடுத்த சண்டைகள் மட்டும் ஒட்டவில்லை. அந்த உன்னதமான ஓவியங்களைப் பார்த்த கண்ணுக்கு அடுத்த நிமிடமே இதைக் காட்டினால், படம் இப்படித்தான் இருந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. பர்ட்டனுக்கே அநியாயம் செய்கிறது அது. பேட்டிகளில் ஷ்னெப் தானும் அதிகமாகத் தெரிகிறார், தலையாட்டுவதும் வியப்பதுமாக. ரசிகர்களிடம் காசு திரட்டி, ஒரு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டு ஆரம்பித்த படம் என்பதால் ஒளிப்பதிவும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. கேஜ் புதிதாகப் பேட்டி தரவில்லை, அதுதான் பெரிய இழப்பு. பழைய வீடியோவே அவருக்காகப் பேச வேண்டியிருக்கிறது, பேசவும் செய்கிறது.

இந்தப் படம் வந்த பிறகு நடந்த ஒன்று இதைப் பார்ப்பதன் அர்த்தத்தையே மாற்றிவிட்டது. 2023-ல் வந்த ‘தி ஃப்ளாஷ்’ படத்தில் சில விநாடிகள் கேஜ் சூப்பர்மேனாக வருகிறார், நீண்ட முடி, அந்த உடை, எதிரில் ராட்சதச் சிலந்தி. தியேட்டரில் கைதட்டினார்களாம். பிறகு கேஜே சொன்னார், தன்னை நிற்க வைத்து ஓர் உலகம் அழிவதைப் பார்ப்பது போல் நடிக்கச் சொன்னார்கள், சிலந்தியோடு தான் சண்டையே போடவில்லை என்று. பர்ட்டனும் அதில் தனக்கு உடன்பாடில்லை என்றார். டாக்குமெண்டரியைப் பார்த்தவனுக்கு அந்த விநாடிகள் எரிச்சலைத்தான் தரும். எத்தனையோ பேர் ஒரு வருடம் யோசித்துச் செய்ததில் ஒருத்தர் கிண்டலடித்த அந்த ஒரு சிலந்தி மட்டும் பிழைத்து வந்திருக்கிறது. அந்த ஒளிரும் உடை வரவில்லை, ஓவியர்களின் விண்கலங்கள் வரவில்லை, கிளார்க்கின் அந்தக் குறுகிய தோள் வரவில்லை.

கைவிட்ட கதையை மதிப்போடு மீட்க முடியும் என்பதற்குக் காமிக்ஸிலேயே உதாரணம் உண்டு. 1990-களின் கடைசியில் கிராண்ட் மாரிசன், மார்க் வெய்ட், மார்க் மில்லர், டாம் பெயர் நால்வரும் சேர்ந்து சூப்பர்மேனைப் புதிதாக எழுதுவதற்கு ஒரு திட்டம் கொடுத்தார்கள், டிசி வேண்டாம் என்றது. அதிலிருந்த யோசனைகளில் சில, 2005-லிருந்து 2008 வரை ஃபிராங்க் குவைட்லியின் ஓவியத்தில் மாரிசன் எழுதிய ‘ஆல் ஸ்டார் சூப்பர்மேன்’ தொடருக்குள் வேறு உருவில் வந்தன. அதிலும் சூப்பர்மேன் சாகப் போகிறார், ஆனால் முதல் இதழிலேயே அது தெரிந்துவிடுகிறது, மீதி பக்கங்கள் முழுக்க அவர் வாழ்வதைத்தான் பார்க்கிறோம். இந்த வரிசையில் யாராவது யோசித்திருந்தால் கேஜுக்கு ஒரு படம் கிடைத்திருக்கும்.

யாருக்கு இதைச் சொல்வேன்? திரைக்கதை எழுதுபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், ஒரு தயாரிப்பாளரின் ஆசை ஒரு பக்கத்துக்குள் எப்படி நுழைகிறது என்று தெரிந்துகொள்ளவாவது. கலை இயக்கம், உடை வடிவமைப்பு படிப்பவர்களுக்கு இது பாடம். சூப்பர்மேன் ரசிகர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை. பொழுதுபோகாமல் ஏதாவது சண்டைப் படம் பார்க்கலாம் என்று உட்காருபவர்கள் வேறு எதையாவது போட்டுக்கொள்ளுங்கள், இது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரப் பேச்சு. பார்க்கும்போது நடிகர்களை வைத்து எடுத்த சண்டைத் துண்டுகள் வந்தால் தயங்காமல் ஓட்டிவிடுங்கள், ஒன்றும் குறையாது. ஓவியர்கள் தாளை எடுக்கும்போது மட்டும் நிறுத்திப் பாருங்கள், பல படங்கள் இரண்டு விநாடிக்கு மேல் நிற்பதில்லை, ஓரங்களில் கையால் எழுதிய குறிப்புகள்கூட இருக்கின்றன.

ஷ்னெப் 2018-ல், 51 வயதில் இறந்துவிட்டார். இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் இதே மாதிரி கைவிட்ட படங்களை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்திருப்பார், அந்த உழைப்பும் பொறுமையும் அவரிடம் இருந்தது. வார்னரின் கிடங்கில் அந்த 1997 உடை வீடியோ முழுசாக எங்கோ இருக்குமானால், அதையும் அத்தனை ஓவியங்களையும் சேர்த்து, வரைந்தவர்கள் பெயரோடு ஒரு நல்ல அச்சுப் புத்தகமாகவும் டிஸ்க்காகவும் வெளியிட வேண்டும். விலை எவ்வளவு வைத்தாலும் வாங்க ஆள் இருக்கிறது, முதல் ஆள் நான்.